தேம்ஸ் வற்றிய இரவு

1940 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஃப்ளீட் தெருப் பக்கம், டெய்லி மெயில் நாளிதழின் நார்த்கிளிஃப் ஹவுஸ் மொட்டைமாடியில் ஹெர்பர்ட் மேசன் என்ற புகைப்படக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியதில் சுற்றிலும் நகரம் எரிந்தது. செயின்ட் பால் தேவாலயம் இருக்கும் திசையில் புகை மட்டுமே தெரிந்தது. காமிராவைத் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தார். காற்று புகையைச் சற்றே விலக்க, குவிமாடமும் அதன் உச்சிச் சிலுவையும் வெளியே வந்தன. அந்தக் கணத்தில் எடுத்த படம் தணிக்கையைத் தாண்டி, டிசம்பர் 31 அன்று மெயிலின் முதல் பக்கத்தில் வந்தது.

போர்க்காலப் பிரிட்டனின் முகமாகவே ஆகிவிட்ட படம் அது. நகரம் அழிந்தாலும் தேவாலயம் நிற்கிறது என்று லண்டன்காரர்கள் அதைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்தினார்கள். சில வாரங்களில் பெர்லினில் வெளிவந்த படப் பத்திரிகை ஒன்றும் அதே படத்தைப் போட்டது, லண்டன் எரிகிறது பாருங்கள் என்று காட்டுவதற்காக. ஒரே படம், இரண்டு நாடுகள், இரண்டு செய்திகள். அச்சுக்குப் போகும் முன் படத்தைத் தீட்டியிருக்கிறார்கள், ஓரங்களை வெட்டியிருக்கிறார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் பிறகு காட்டினார்கள்.

ஆனால் தீயணைப்புத் தொழிலை அறிந்தவர்கள் இந்தப் படத்தில் தேடுவது வேறொன்றை. தண்ணீர் எங்கே?

பழைய தீயணைப்புப் படங்களைப் பார்க்கும்போது கண் தானாகவே தீயின் பக்கம் போகும். தீ கவர்ச்சியானது, கறுப்பு வெள்ளையில்கூட. அதை ஒரு நிமிடம் விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க வேண்டும். குழாய்கள் புடைத்திருக்கின்றனவா, தட்டையாகக் கிடக்கின்றனவா? பம்பு எங்கே நிற்கிறது? தண்ணீர் எந்த மாடிவரை எட்டுகிறது? லண்டன் நகரத்துத் தீக்களின் வரலாறு பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கிறது.

அந்த டிசம்பர் இரவைப் பொறுத்தவரை விடை தெளிவானது. தண்ணீர் இல்லை. குண்டுகள் விழுந்த சிறிது நேரத்தில் பெரிய தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன. சரி, பக்கத்தில்தான் தேம்ஸ் ஓடுகிறதே என்றால், அமாவாசையை ஒட்டிய நாள் அது. கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருளைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பெருக்கும் அதிகம், வற்றும் அதிகம். கடலின் ஏற்றவற்றம் லண்டன்வரை வந்துபோகும் ஆறு தேம்ஸ். அன்று மாலை அது அடிமட்டத்துக்கு வற்றிக் கிடந்தது. தீயணைப்பு வீரர்கள் கனத்த குழாய்களைத் தோளில் சுமந்து, முழங்கால்வரை சேற்றில் இறங்கி, நடுவே ஒடுங்கி ஓடிய நீரை எட்ட வேண்டியிருந்தது. தீயணைப்புப் படகுகளும் கரையை நெருங்க முடியாமல் திணறின.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அது கிறிஸ்துமஸை அடுத்த ஞாயிறு. அலுவலகங்கள், கிடங்குகள், தேவாலயங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கூரையில் விழுந்த சிறு தீக்குண்டை ஒரு வாளி மணலால் அணைத்துவிடலாம், விழுந்த சில நிமிடங்களுக்குள் ஆள் இருந்தால். ஆள் இல்லை. சாவியும் இல்லை. தெருவில் நின்ற வீரர்கள் மேல்மாடியில் தீ பிடிப்பதைப் பார்த்தபடியே கதவை உடைக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் கட்டடங்களில் இரவுத் தீக்காவல் பரவலாகச் சட்டப்படி கட்டாயமானது.

அப்படியானால் செயின்ட் பால் எப்படித் தப்பியது? தெய்வச் செயல் என்று அன்று பலர் சொன்னார்கள். தேவாலயத்துக்கு உள்ளே இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும். செயின்ட் பால் காவலர் என்ற தன்னார்வலர் அணி ஒன்று இரவு தோறும் அதன் கூரைகளிலும் படிகளிலும் காவல் இருந்தது. பெரிய குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நாள் வரும் என்று முன்கூட்டியே நினைத்து, கட்டடம் முழுக்கத் தொட்டிகளிலும் வாளிகளிலும் குளியல் தொட்டிகளிலும்கூட நீர் நிரப்பி வைத்திருந்தார்கள். குவிமாடத்தின் ஈயத் தகட்டில் ஒரு தீக்குண்டு குத்தி நின்று ஈயத்தை உருக்கத் தொடங்கியது. பிறகு அது வெளிப்பக்கம் சரிந்து மாடத்தில் விழ, அங்கே இருந்தவர்கள் அணைத்தார்கள். வாளிக்குள் வைத்துக் கையால் அடிக்கும் சிறு பம்பும் மணல் மூட்டையும்தான் அவர்களுடைய ஆயுதம். மேசனின் படத்தில் நிமிர்ந்து நிற்கும் குவிமாடத்துக்குள் அந்த நேரத்தில் மனிதர்கள் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு 160-க்கும் மேற்பட்ட பொதுமக்களும் 14 தீயணைப்பு வீரர்களும் இறந்தார்கள். நகரமன்றமான கில்ட்ஹாலின் கூரை எரிந்து விழுந்தது. தேவாலயத்துக்கு வடக்கே இருந்த பேட்டர்நாஸ்டர் ரோ, புத்தகப் பதிப்பாளர்களின் தெரு. சென்னையில் ஒரு காலத்து மூர் மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைவிடப் பன்மடங்கு பெரிய கிடங்குகள். ஏறத்தாழ 50 லட்சம் புத்தகங்கள் அங்கே சாம்பலாயின. லண்டனில் வாழும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அந்தத் தெருவின் படத்தைப் பார்த்தால் அவருக்கு நினைவு வருவது 1981 ஜூன் முதல் நாள்தான். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்கள் அன்று எரிந்தன. கூரை இழந்து சுவர்கள் மட்டும் நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடத்தின் படமும் பேட்டர்நாஸ்டர் ரோவின் படமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பேட்டர்நாஸ்டர் ரோவை எரித்தது வானத்திலிருந்து வந்த எதிரி. நூலகத்தை எரித்தவர்கள் தரையில், அதே நாட்டின் காவல் துறைச் சீருடையோடு தொடர்புள்ளவர்கள் என்பதே யாழ்ப்பாணத்தார் மறக்காத வேறுபாடு.

*

லண்டனின் மிகப் புகழ்பெற்ற தீக்குப் படமே கிடையாது. 1666 செப்டம்பர் 2 அதிகாலை, புட்டிங் லேனில் தாமஸ் ஃபாரினரின் ரொட்டிக் கடையில் தொடங்கி 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் தின்ற தீ அது. ஓவியங்களும் நாட்குறிப்புகளும்தான் சாட்சி. அங்கும் தண்ணீர்தான் முதலில் கைவிட்டது. லண்டன் பாலத்தின் வடக்கு முனையில் ஆற்றுநீரை இறைத்துக்கொண்டிருந்த நீர்ச்சக்கரங்கள் எரிந்துபோயின. 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றம் எரிந்தபோது தேம்ஸ் வற்றியிருந்தது. டர்னர் அதை ஓவியமாக்கினார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.

காமிரா வந்த பிறகும் தீ அதற்கு எளிதில் அகப்படவில்லை. 1861 ஜூன் 22 அன்று லண்டன் பாலத்துக்குத் தெற்கே, டூலி தெருவின் காட்டன்ஸ் துறைமேடைக் கிடங்கில் தீப்பிடித்தது. சணல், பருத்தி, சர்க்கரை, கொழுப்பு என்று எரியக்கூடியதெல்லாம் அடுக்கி வைத்திருந்த இடம். அப்போது வழக்கில் இருந்தது கண்ணாடித் தகட்டில் ஈரமான கொலோடியன் பூசி எடுக்கும் முறை. பூச்சு காய்வதற்குள் படம் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். இருட்டறையையே வண்டியில் கொண்டுபோக வேண்டும். அசையும் எதுவும் மங்கிப் போகும். ஆடும் தீயையும் ஓடும் மனிதரையும் அதில் பிடிக்க வழியில்லை. எனவே டூலி தெருத் தீயை நாம் பார்ப்பது இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் போன்ற இதழ்களின் மரச்செதுக்குப் படங்களில்தான். லண்டன் பாலம் முழுக்க வேடிக்கை பார்க்கும் கூட்டம். உருகி ஆற்றில் வழிந்த கொழுப்பு நீரின் மேலேயே எரிகிறது. மிதக்கும் கொழுப்பை அள்ளி விற்கலாம் என்று படகெடுத்துப் போனவர்களும் உண்டு.

அந்தத் தீயில்தான் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் இறந்தார். எடின்பரோவில் 1824-இல் முறையான நகராட்சித் தீயணைப்புப் படையை உருவாக்கியவர். 1833-இல் லண்டனுக்கு அழைத்து வந்தார்கள். ஆனால் லண்டனில் அவர் தலைமை தாங்கிய படை அரசுடையது அல்ல, காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தியது. நிறுவனங்களுக்குத் தம் சொத்துதான் கணக்கு. உயிர் காக்கும் ஏணிகளைத் தனியே ஒரு தொண்டு அமைப்பு பார்த்துக்கொண்டது. கிடங்குகளுக்கு இடையே இரும்புக் கதவு வேண்டும், அது மூடியே இருக்க வேண்டும் என்று பிரெய்ட்வுட் பல காலமாகச் சொல்லி வந்தார். டூலி தெருவில் கதவுகள் இருந்தன, திறந்து கிடந்தன. தண்ணீரும் தொடக்கத்தில் போதிய அளவு கிடைக்கவில்லை. களைத்த தன் ஆட்களுக்கு பிராந்தி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சுவர் சரிந்து அவரைப் புதைத்தது. உடலை எடுக்கச் சில நாட்கள் ஆயின. தீ முழுமையாக அடங்க இரண்டு வாரம் பிடித்தது. நட்டம் அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டு. இனி எங்களால் தாங்காது என்று காப்பீட்டு நிறுவனங்கள் அரசிடம் கைவிரித்தன. 1865-இல் சட்டம் வந்து, 1866 ஜனவரி முதல் நாள் பெருநகரத் தீயணைப்புப் படை பிறந்தது. இன்று லண்டன் பாலம் ரயில் நிலையத்தில் இறங்கி ஹேஸ் கேலரியாவுக்குப் படமெடுக்கப் போகிறவர்கள் நடப்பது அந்தத் தீயின் மேல்தான்.

புதிய படையின் தலைவர் கேப்டன் எயர் மேசி ஷா. பாரிஸ் தீயணைப்பாளர்களைப் பார்த்து அவர் கொண்டுவந்த பித்தளைத் தலைக்கவசம் விக்டோரியா காலப் படங்களில் பளபளக்கிறது. கயிறேறவும் உயரத்துக்கு அஞ்சாமல் நிற்கவும் பழகியவர்கள் என்பதால் மாலுமிகளையே விரும்பிச் சேர்த்தார். சதக் பாலச் சாலையில் இருந்த வின்செஸ்டர் ஹவுஸ் தலைமையகத்தின் முற்றத்தில் எடுத்த படங்களில் வீரர்கள் ஏணிகளில் வரிசையாக நிற்கிறார்கள், நீராவிப் பம்பின் பக்கத்தில் குதிரைகள் நிற்கின்றன, ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. எல்லாம் நிறுத்தி வைத்து எடுத்தவை. தீயில் எடுத்த படம் அவற்றில் அரிது. படம் எடுக்கும் தட்டுக்கு வேகம் போதாத காலத்தில் படை தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதைத்தான் அவை சொல்கின்றன.

அவை காட்டாத ஒருவர் உண்டு. தண்ணீர் திறந்துவிடும் ஆள். அன்று லண்டனுக்கு நீர் விற்றவை எட்டுத் தனியார் நிறுவனங்கள். பல தெருக்களில் குழாயில் நாள் முழுக்க நீர் வராது. தீப்பிடித்தால் நீராவிப் பம்பு குதிரை பூட்டி மணியடித்துப் பறந்து வந்துவிடும். வந்து நின்று, நிறுவனத்தின் ஆள் வீட்டிலிருந்து சாவியோடு வந்து வால்வைத் திறக்கும்வரை காத்திருக்கும். ஷா இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் குறைப்பட்டார். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற சென்னைக்காரருக்கு இந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டதென்று சொல்ல வேண்டாம். அந்த நிறுவனங்கள் ஒழிந்து பெருநகர நீர் வாரியம் பொறுப்பேற்றது 1904-இல்தான். படைக்கு ‘லண்டன் ஃபயர் பிரிகேட்’ என்ற பெயர் வந்ததும் அதே ஆண்டில்.

பித்தளைக் கவசம் 1930-களில் போய்விட்டது. மின்கம்பி நிறைந்த நகரத்தில் தலையில் உலோகத்தோடு போகிறவருக்கு அழகைவிட ஆபத்தே அதிகம்.

*

இருபதாம் நூற்றாண்டில் காமிரா சிறிதாகி, ஃபிலிம் வேகம் பெற்று, தீயின் முன்னால் நேரே போய் நின்றது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியபோது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த படங்கள் நமக்குப் பழக்கமானவை. கரும்புகைத் தூண், கீழே சின்னச் சின்ன மனிதர்கள். 1917 ஜனவரி 19 அன்று கிழக்கு லண்டன் சில்வர்டவுனில் வெடிமருந்துத் தொழிற்சாலை வெடித்து 73 பேர் இறந்தனர். தொழிற்சாலைக்கு எதிரிலேயே தீயணைப்பு நிலையம் இருந்தது. குழாயை விரிக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நொறுங்கிக் கிடக்கும் நிலையத்தின் படம் மிஞ்சியிருக்கிறது.

1936 நவம்பர் 30 இரவு கிரிஸ்டல் பேலஸ் எரிந்தது. 1851 உலகக் கண்காட்சிக்காக ஹைட் பார்க்கில் கட்டி, பிறகு சிடனம் குன்றுக்குப் பெயர்த்து வைத்த கண்ணாடி மாளிகை. 89 வண்டிகளும் 400-க்கும் மேற்பட்ட வீரர்களும் வந்தார்கள். குன்றின் மேல் எரிந்ததால் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தெல்லாம் தெரிந்தது. உருகி வழிந்த கண்ணாடியும் வளைந்து தொங்கிய இரும்பும் ஆயிரம் படங்களில் இருக்கின்றன. உயிரிழப்பு இல்லை. தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் லோகி பேர்டின் ஆய்வுக்கூடமும் கருவிகளும் அதில் போயின. மறுநாள் காலைப் படங்களில் தவறாமல் நிற்பவை இரண்டு நெடிய கோபுரங்கள். பொறியாளர் புரூனெல் வடிவமைத்த தண்ணீர்க் கோபுரங்கள் அவை, மாளிகையின் நீரூற்றுகளுக்காகக் கட்டியவை. மாளிகை சாம்பலான பிறகும் நீர்க் கோபுரங்கள் நின்றன. அவற்றைப் பிறகுதான் அகற்றினார்கள்.

போர் வந்தபோது படையில் பாதிக்கு மேல் புதியவர்கள். 1938-இல் தொடங்கிய துணைத் தீயணைப்புப் படையில் கடைச் சிப்பந்திகள், எழுத்தர்கள், ஓவியர்கள், டாக்சி ஓட்டுநர்கள் சேர்ந்தார்கள். லண்டனின் கறுப்பு டாக்சிகளே பம்புகளை இழுத்தன. கூரை மேல் ஏணி கட்டிய டாக்சி, பின்னால் இரு சக்கரத்தில் பம்பு. இந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒரு கணம் சிரிப்பு வரும். அன்றும் லண்டன்காரர்கள் சிரித்தார்கள். போர் தொடங்கியும் முதல் ஓராண்டு குண்டு விழாததால், ராணுவத்துக்குப் போகாமல் தப்பிக்க வந்தவர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு டார்ட்ஸ் எறிந்து விளையாடுகிறவர்கள் என்று அவர்களை ஏசினார்கள். 1940 செப்டம்பர் 7 பிற்பகல் அந்தப் பேச்சு நின்றது. சரே துறையின் மரக்கிடங்குகள் ஏக்கர் ஏக்கராக எரிந்தன. பெரும்பாலோர் அதற்கு முன் ஒரு பெரிய தீயைக்கூடக் கண்டதில்லை. தொடர்ந்து 57 இரவுகள் லண்டன்மீது குண்டு விழுந்தது.

அந்த மாதங்களின் ஆகச் சிறந்த தீயணைப்புப் படங்களை எடுத்தவர் பெர்ட் ஹார்டி. தேம்ஸின் தென்கரையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வீரர்களோடு தெருவுக்குப் போய், அவர்கள் ஏறிய ஏணியில் ஏறி எடுத்தார். பிக்சர் போஸ்ட் இதழ் அவற்றை 1941 பிப்ரவரி 1 இதழில் வெளியிட்டது. படக்காரர் பெயரைப் போடும் வழக்கம் அந்த இதழில் இல்லை. அன்று வழக்கத்தை மீறி ஹார்டியின் பெயரைப் போட்டது. மேசன் தூரத்து மாடியிலிருந்து நகரத்தைப் பார்த்தார். ஹார்டி குழாய் பிடித்தவனின் தோள் பக்கத்திலிருந்து பார்த்தார். புகையில் சிவந்த கண், நனைந்த கோட்டின் கனம், தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும் விரல்கள் இரண்டாவது வகைப் படத்தில்தான் அகப்படும். இந்த இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் ஹார்டியின் படங்களையே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்தர் கிராஸ், ஃப்ரெட் டிப்ஸ் இருவரும் கலைஞர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டதில்லை. சிட்டி ஆஃப் லண்டன் காவல் துறையின் கான்ஸ்டபிள்கள். குண்டு விழுந்த இடங்களைப் பதிவுக்காகப் படமெடுப்பது அவர்கள் வேலை. 1941 மே 10, முழுநிலவு இரவு. தேம்ஸ் மீண்டும் அடிமட்டத்துக்கு வற்றியிருந்தது. 1,400-க்கும் மேற்பட்டோர் அன்றிரவு இறந்தார்கள். மறுநாள் குயின் விக்டோரியா தெரு 23-ஆம் எண் கட்டடத்தின் முகப்பு முழுதாகத் தெருவில் சரிந்து விழும் அந்த நொடியை இந்த இருவரின் காமிரா பிடித்தது. பல மாடிச் சுவர் ஒன்று காற்றில், வளைந்தபடி, இன்னும் தரையைத் தொடாமல் நிற்கிறது. பிரெய்ட்வுட்டைக் கொன்றதும் இப்படியொரு சுவர்தான்.

காமிரா எட்டாத இடத்துக்கு ஓவியம் போனது. லியோனார்ட் ரோசோமன் துணைப் படையில் வீரர், தொழிலில் ஓவியர். 1940 டிசம்பரில் ஷூ லேனில் குழாய் பிடித்துக்கொண்டிருந்தவரை மாற்றிவிட்டு இன்னொருவர் குழாயை வாங்கினார். சற்று நேரத்தில் சுவர் இடிந்து, வாங்கியவர்மீது விழுந்தது. ரோசோமன் பார்த்துக்கொண்டு நின்றார். அதை அவர் வரைந்த ஓவியம் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவர் சரிகிறது, கீழே இரண்டு வீரர்கள்.

பெண்களின் படங்கள் குறைவு. தொலைபேசி அறையில் குண்டுகளுக்கு நடுவே இணைப்புப் பலகையின் முன் உட்கார்ந்திருந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஜில்லியன் டானர் 1940 செப்டம்பர் 20 இரவு பெர்மண்ட்சியில், பெட்ரோல் நிரம்பிய லாரியை ஆறு பெரிய தீக்களுக்கு ஓட்டிப் போய்ப் பம்புகளுக்கு ஊற்றிக் கொடுத்தார். பம்புக்கு எண்ணெய் தீர்ந்தால் தண்ணீரும் நின்றுவிடும். சுற்றிலும் எரிகிறது, கையில் பெட்ரோல். ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். அவர் பதக்கத்தோடு நிற்கும் உருவம் கிடைக்கும். லாரியோடு போன இரவின் படம் கிடையாது.

படமெடுத்தாலும் வெளியிடத் தகவல் அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். உடல்கள் தெரியும் படம் பெரும்பாலும் வராது. அதே தணிக்கை பேரரசின் மறுமுனையில் இன்னும் இறுக்கமாக இருந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில், பருத்திப் பொதிகளோடு 1,400 டன் வெடிபொருளும் ஏற்றி வந்த ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பலில் தீப்பிடித்தது. வீரர்கள் மணிக்கணக்கில் கப்பலுக்குள் தண்ணீர் அடித்தார்கள். பருத்தி உள்ளுக்குள் கனன்றது, அடித்த நீர் கொதித்தது. மாலை நான்கு மணி அளவில் கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் ஒரே நாளில் போனார்கள். செய்தி வெளியிட அனுமதி கிடைத்தது மே மாதத்தில்தான். தமிழ்நாட்டுத் தீயணைப்பு நிலையங்களில் ஏப்ரல் 14 அன்று மலர் வைத்து, தீத்தொண்டு நாள் அனுசரிப்பது இவர்களுக்காகத்தான். சித்திரைத் திருநாள் பரபரப்பில் பலர் கவனிக்காமலே போகும் நிகழ்ச்சி அது.

*

1958 ஜனவரி 23. லண்டன் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையின் கோழிச் சந்தைக் கட்டடத்துக்குக் கீழே, குளிர்கிடங்குகள் நிறைந்த அடித்தளத்தில் தீ. இதன் பல படங்களில் தீயே தெரியாது. சந்தைச் சுவரும் புகையும், அதற்குள் தலைகுனிந்து நுழையும் உருவங்களும் மட்டும். கீழே சந்துகள் வலைபோலப் பின்னிக் கிடந்தன. எண்ணெயிலும் கொழுப்பிலும் ஊறிய சுவர்கள் புகைந்தன. தண்ணீர் ஏராளமாக இருந்தது. தட்டுப்பாடு காற்றுக்கு. ஆக்சிஜன் பையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனவர் எத்தனை மணிக்குப் போனார், எப்போது அவருக்குக் காற்று தீரும் என்று வெளியே கணக்கு வைக்க முறையில்லை. ஜாக் ஃபோர்ட்-வெல்ஸ், ரிச்சர்ட் ஸ்டாக்கிங் இருவரும் உள்ளே போய்த் திரும்பவில்லை. இன்று பல நாடுகளில் மூச்சுக்கருவி மாட்டும் வீரர் உள்ளே நுழையும் முன் தன் பெயர் வில்லையை வாசலில் இருப்பவரிடம் கொடுக்கிறார். அவர் நேரம் குறித்து வைக்கிறார். பிரிட்டனில் அந்த முறை நாடு முழுக்க உறுதியானது ஸ்மித்ஃபீல்டுக்குப் பிறகுதான்.

1969 ஜூலை 17 அன்று டட்ஜன்ஸ் துறைமேடையில் காலி என்று நினைத்த எண்ணெய்த் தொட்டி வெடித்து ஐந்து வீரர்களும் ஒரு தொழிலாளியும் இறந்தார்கள். எந்தத் தொட்டியில் எது இருந்தது, அதன்மேல் தண்ணீர் அடிக்கலாமா கூடாதா என்று பார்த்தவுடன் சொல்லும் குறியீட்டுப் பலகைகள் அதன் விளைவு. பிரிட்டன் சாலைகளில் ரசாயன லாரிகளின் பின்னால் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் 1987 நவம்பர் 18 மாலை, மர நகர்படிக்கு அடியில் விழுந்த தீக்குச்சி, சேர்ந்து கிடந்த மசகையும் குப்பையையும் பற்றியது. படிக்குழி வழியே தீ சட்டெனப் பாய்ந்து பயணச்சீட்டுக் கூடத்தை விழுங்கியது. 31 பேர் இறந்தார்கள், அவர்களில் சோஹோ நிலைய அதிகாரி காலின் டவுன்ஸ்லியும் ஒருவர். இறந்த ஒருவர் யாரென்றே 2004வரை தெரியவில்லை. கருகிய கூடத்தின் படங்களில் தெரியாத உண்மையை விசாரணை சொன்னது. நகர்படிக்கு அடியில் நீர்த்திவலை தெளிக்கும் கருவி பொருத்தியே இருந்தது. அதைத் திறக்க ஊழியர்களுக்குப் பயிற்சி இல்லை. யாரும் திறக்கவில்லை. 1940-இல் தேம்ஸ் வற்றியது, விதி என்று சொல்லலாம். இங்கே தண்ணீர் கையெட்டும் தூரத்தில் காத்திருந்தது.

2017 ஜூன் 14 அதிகாலை மேற்கு லண்டனின் கிரென்ஃபெல் குடியிருப்புக் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தபோது காமிரா எல்லோர் கையிலும் இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்தும் தெருவிலிருந்தும் எடுத்த கைபேசிப் படங்களை நேரவாரியாக அடுக்கியே, வெளிச்சுவரில் ஒட்டிய எரியும் தகடுகள் வழியே தீ எப்படி ஏறியது என்று விசாரணைக் குழு நிறுவியது. கீழேயிருந்து அடித்த தண்ணீர் மேல்மாடிகளை எட்டவில்லை என்பதும் அந்தப் படங்களில் இருக்கிறது. எட்டக்கூடிய உயரமான ஏணி லண்டன் படையிடம் அப்போது இல்லை. பக்கத்து மாவட்டமான சரேயிலிருந்து வரவழைத்தார்கள். 2024 செப்டம்பரில் வந்த இறுதி அறிக்கை, ஒவ்வொரு சாவும் தவிர்த்திருக்கக்கூடியது என்றது.

அன்று இறந்தவர்களில் கதீஜா சாயே என்ற 24 வயதுப் புகைப்படக் கலைஞர் உண்டு. காம்பியாவிலிருந்து வந்த குடும்பம், தாயோடு 20-ஆம் மாடியில் வாழ்ந்தார். அவர் கையாண்டது 1850-களின் அதே ஈரக் கொலோடியன் முறை, கண்ணாடிக்குப் பதில் உலோகத் தகட்டில். டூலி தெருத் தீயைப் படம்பிடிக்க முடியாத அந்த முறையைத் தன் முன்னோர் வழிபாட்டையும் தன் முகத்தையும் பதிவு செய்ய எடுத்துக்கொண்டார். வெனிஸ் கலைக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றிருந்த வாரங்கள் அவை. வீட்டில் இருந்தவை எரிந்தன. வெனிஸுக்குப் போனவை தப்பின.

தப்பியவற்றைக் காட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும். லண்டன் தீயணைப்புப் படையின் அருங்காட்சியகம் வின்செஸ்டர் ஹவுஸில் இருந்தது. ஷாவின் பித்தளைக் கவசங்களும் நீராவிப் பம்புகளும் படங்களும் அங்கேதான். 2015-இல் மூடினார்கள். லாம்பெத்தில் ஆல்பர்ட் எம்பாங்க்மென்டின் பழைய தலைமையகத்தில் புதிதாகத் திறக்கும் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. இத்தனை உயிர் கொடுத்த படைக்கு அது நியாயமல்ல. திட்டத்தை இனியும் தள்ளிப்போடாமல் முடிக்க வேண்டும். அதுவரை படங்களைத் தேடுவோருக்குக் கிளார்க்கன்வெல்லில் லண்டன் ஆவணக் காப்பகம் இருக்கிறது. லண்டன் மியூசியமும் ஸ்மித்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருக்கிறது. அதற்காக எடுத்துக்கொண்ட கட்டடங்களில் 1958 தீக்குப் பிறகு மறுபடி கட்டிய கோழிச் சந்தையும் ஒன்று.